பத்துத் தட்டும் இரண்டு நாயும்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் இரண்டாவது முறையாக எழுதுகிறேன். முதலில் எழுதிய இரண்டு தாள்கள் சந்தானின் வயிற்றில் இருக்கின்றன. மேசையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனேன். கண்ணாடி சம்பலின் வாயில் இருந்தது. அதைத் துரத்திக்கொண்டு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு வந்து பார்த்தால் இங்கே தாளைக் காணோம். ஒரு நாய் என்னை ஓட வைக்கிறது, மற்றொன்று அந்த நேரத்தில் வேலையை முடிக்கிறது. இப்போது ஸ்டோர் ரூமுக்குள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அரிசி வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே இரண்டும் கதவைப் பிராண்டுகின்றன. சொந்த வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

போனில் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். நான் போனைக் காதில் வைத்தாலே இரண்டும் எதிரே வந்து நின்று குரைக்கும் என்பது உனக்குத் தெரியாததா? போன வாரம் நீ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டபோதும் அதே கூத்துதான். “அப்பா, ஷாமினிக்கு நாய்னா பயம். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க அங்கதான இருக்கப் போறோம். அதுக்குள்ள ரெண்டையும் யாருக்காச்சும் குடுத்துடுங்கலா” என்றாய். நான் “ம்ம்” என்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வளர்க்க ஆள் தேடத் தொடங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அது சம்மதம் இல்லை, தம்பி. அந்த நேரம் சந்தான் என் கைலியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் சொன்ன “ம்ம்” அது. உன் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நியாயமாகப் பார்த்தால் நீ கேட்டவுடன் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மூன்று வருடமாக இந்த வார்த்தைக்காகத்தானே மூக்கால் அழுதுகொண்டிருந்தேன். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் நீ வேலை பார்த்தபோது, ஒரு நாள் சாயங்காலம் மீ நூடுல்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். உள்ளே இரண்டு குட்டிகள், தொழிற்சாலைக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் கிடந்தன என்றாய். “ஒரு மாசம்தான்பா, யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்” என்று சத்தியம் செய்யாத குறை. மிளகாய்த் துவையல்போலச் சிவப்பாக இருந்ததற்குச் சம்பல் என்றும், தேங்காய்ப்பால் நிறத்தில் இருந்ததற்கு அதன் மலாய்ப் பெயரான சந்தான் என்றும் அன்று ராத்திரியே பெயர் வைத்தாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் கொடுத்துவிடப் போகிறவன் எதற்குப் பெயர் வைக்கிறான்? மூன்றாவது வாரம் உனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். பெட்டி எங்களிடம் தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியையும் இரண்டும் தின்றுவிட்டன.

இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். நான் நடந்து வந்தாலே லைனில் பேச்சுச் சத்தம் அடங்கும். இந்த இரண்டும் என் பேச்சை ஒரு நாளாவது காதில் போட்டுக்கொண்டதுண்டா? “உட்கார்” என்றால் சம்பல் என் மடியில் உட்காருகிறது. “வெளியே போ” என்றால் சந்தான் போய் என் செருப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறது, ஏதோ நான் வெளியே கிளம்புகிறேன் என்பதுபோல. துணி காயப்போட்டால் போதும், உன் அம்மாவின் சேலையை ஆளுக்கொரு முனையில் பிடித்து முற்றத்தில் இழுபறி நடத்துகின்றன. வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்த வாழைப்பழத்தைத் தோலோடு முழுங்கிவிட்டு, விபூதித் தட்டிலும் மூக்கை வைத்துப் பார்த்து, நெற்றியிலும் மூக்கிலும் பூசிக்கொண்டு பக்திமான் மாதிரி வந்து நின்றது சம்பல். உன் அம்மா சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் காலையில் பாலர் பள்ளிச் சமையலுக்குப் போய்விடுவாள், மத்தியானம்தான் வருவாள். அதுவரை இதுகளோடு மல்லுக்கட்டுவது நான் ஒருவன்தானே.

அடுத்த வீட்டு ஹாஜி விஷயம் உனக்கு முழுதாகத் தெரியாது. சம்பல் வேலிச் சந்தில் தலையை நுழைத்து அவருடைய செருப்பை ஒவ்வொன்றாக எடுத்துவந்து நம் வாசலில் வரிசையாக அடுக்கிவிட்டது. நாய் வாய் வைத்ததை அவர் போட வேண்டுமானால் மண்ணும் நீரும் விட்டு ஏழு தரம் கழுவ வேண்டும் என்பது நமக்குத் தெரியாததில்லை. நான் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு ஓடிப் போய்ப் புதுச் செருப்பு வாங்கிவந்து, அவர் முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, பரவாயில்லை, இன்னும் சின்னப் பிள்ளைகள்தானே என்று மலாயில் சொன்னார். மறுநாள் செருப்பு அலமாரியை ஆள் உயரத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டார். இப்போது தொழுகைக்குப் போகும்போதெல்லாம் எம்பித்தான் செருப்பை எடுக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் நானே உனக்கு எத்தனையோ தடவை சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அதனால்தான் நீ தைரியமாகக் கேட்டாய். தப்பு உன்னுடையது இல்லை. ஆனால் உனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் நான் எந்தப் பதில் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

முதலாவது, உன் பரிசத்தன்று நடந்தது. அன்று காலை ஹாலில் பதினொரு சீர்த்தட்டுகளை ரிப்பன் கட்டி அடுக்கி வைத்திருந்தோம். நீ மாடியில் ஜிப்பாவோடு போராடிக்கொண்டிருந்தாய். கிரில் கதவின் கொண்டியைச் சந்தான் மூக்காலேயே தூக்கக் கற்றுக்கொண்டது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டும் உள்ளே புகுந்து நெய் லட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டன. ஒரு லட்டுகூட மிச்சமில்லை. சம்பல் ரிப்பனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. உன் அம்மா “ஐயோ” என்று கத்தியதோடு சரி, அப்புறம் ஆளைக் காணோம். நான் இரண்டையும் காதைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின்பக்கம் கட்டிவிட்டு வந்தேன்.

புலாவ் செபாங்கில் பெண் வீட்டில் நாம் போய் இறங்கினோம். தட்டுகளை வரிசையாக வைத்தோம். ஷாமினியின் அத்தை விரலை நீட்டி எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார். “என்ன சம்மந்தி, பத்துத் தட்டு இருக்கு?” என்றார். கூடத்தில் எல்லாருமே எண்ணத் தொடங்கினார்கள். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பது பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன் முகம் கறுத்துப் போனது. அப்போது ஷாமினியின் அம்மா உள்ளே போய், தங்கள் சாமி மேடையிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுவந்து நம் தட்டுகளோடு வைத்தார். “இப்ப பதினொண்ணு. ஐயர் காத்திருக்காரு, ஆரம்பிக்கலாம்லா” என்றார். அந்த அம்மாவை நான் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். திரும்பி வரும்போது காரில் நீ ஒரே வார்த்தைதான் பேசினாய்: “எல்லாம் அந்த நாய்ங்களால வந்தது.”

இல்லை, தம்பி. நாய்கள் தின்றது ஒரு தட்டு. அது உண்மை. ஆனால் உன் அம்மா “ஐயோ” என்று கத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடி, வீட்டிலிருந்த முறுக்கையும் அதிரசத்தையும் ஒரு தட்டில் அடுக்கிக் கண்ணாடித் தாள் சுற்றி, பதினொன்றாவது தட்டாக வைத்துவிட்டாள். நல்ல யோசனைதான். எனக்கும் ஒரு நல்ல யோசனை வந்தது. ஒரு தட்டு போய்விட்டது, மிச்சம் பத்து, இன்னொன்றை எடுத்துவிட்டால் ஒன்பது ஒற்றைப்படை என்று கணக்குப் போட்டேன். மூலையில் இருந்த கற்கண்டு, பேரீச்சம்பழத் தட்டை எடுத்து என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் வைத்ததை நான் பார்க்கவில்லை. நான் எடுத்ததை அவள் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் சரி செய்தோம், இரண்டும் சேர்ந்து தப்பாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரே வீட்டில் முப்பத்தொரு வருடமாக வாழ்கிறோம், இடையில் பத்தடிகூட இல்லை.

அன்று சாயங்காலம் உன் அம்மா கேட்டாள். “என்னங்க, நீங்க ஏதாச்சும் தட்ட எடுத்தீங்களா?” நான் “நான் ஏன் எடுக்கறேன்? அதுவும் அதுங்க வேலையாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். பேரீச்சம்பழத்தை அவளுக்குத் தெரியாமல் இரண்டு வாரம் அலமாரியைத் திறந்து திறந்து தின்று தீர்த்தேன். கற்கண்டில் எறும்பு ஏறி, என் சட்டையெல்லாம் எறும்பு. அதற்கும் நாய்களைத்தான் திட்டினேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு அப்பன் சொல்லும் புத்தி ஒன்று இருக்கிறது என்றால் இதுதான். ஷாமினிக்கு நாய் என்றால் பயம் என்று நீ சொன்னாய். உண்மைதான். பொங்கலுக்கு இங்கே வந்தபோது ஒரு மணி நேரமும் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்கு அடியில் இரண்டும் படுத்துக்கொண்டன. “அங்கிள், இதுங்க எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டாள். “இல்லம்மா, இன்னிக்கு கொஞ்சம் அடக்கமா இருக்குதுங்க” என்றேன். பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நீ சொல், நாய்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் கேட்டாளா? அல்லது அவள் கேட்பாள் என்று நினைத்து நீயே முடிவு செய்தாயா? அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாளைக்கு அது அவள் வீடு, பயந்துகொண்டு ஒருத்தி அங்கே வாழக் கூடாது. ஆனால் அவள் வாயால் அதைக் கேட்டுக்கொண்டு வா.

இந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் நீ சமையல் படிக்க ஆசைப்பட்டாய். நான் உன்னிடம் கேட்காமலே மின்னியல் படிப்புக்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பி வைத்து, “கையெழுத்துப் போடு” என்று நீட்டினேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. என் பையன் சொன்ன சொல் தட்டமாட்டான் என்று கோயில் திருவிழாவில் கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். நீ ஏன் பேசவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

இனி இரண்டாவது விஷயம். இது உன் அம்மாவுக்கும் தெரியாது. பரிசத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, அவள் வேலைக்குப் போன பிறகு, இரண்டையும் காரில் ஏற்றினேன். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கோபத்தில் செய்தேன் என்று சொன்னால் பொய். அன்று காலை எனக்குக் கோபம் ஆறிவிட்டிருந்தது. வெட்கம்தான் இருந்தது. தட்டை எடுத்தவன் நான் என்று எனக்குத் தெரியும். இதுகள் கண் முன்னால் இல்லாவிட்டால் அதை மறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்கு முன் நான் அவற்றைக் காரில் உட்கார வைத்ததே இல்லை. இரண்டுக்கும் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஆயர் குரோ ஊர் முழுக்கக் குரைத்துக்கொண்டே வந்தன. சிக்னலில் நின்றபோது சம்பல் பின்னாலிருந்து என் காதை நக்கியது. புலாவ் செபாங்கைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் திருப்பி, உள்ளே வெகுதூரம் போய் நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். குதித்து இறங்கி மரங்களைச் சுற்றி ஓடின. நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் மறுபக்க ஜன்னல் வழியாக இரண்டும் உள்ளே வந்துவிட்டன. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறின. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டன. மூன்றாவது தடவை ஜன்னலை ஏற்றிவிட்டு, கொண்டுபோயிருந்த முறுக்கைத் தூரத்தில் வீசினேன். அவை அதன் பின்னால் ஓடின. நான் கிளம்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் கொஞ்ச தூரம் காரோடு பந்தயம் ஓடி வந்தன. சம்பல் வாயில் முறுக்கு. அப்புறம் புழுதியில் ஒன்றும் தெரியவில்லை.

பெரிய சாலைக்கு வந்து, ஓரமாக இருந்த ஓர் ஒட்டுக்கடையில் நிறுத்தி, பால் இல்லாத தே ஓ ஒன்று சொன்னேன். “என்ன அண்ணே, பசியாறலியா?” என்று கடைக்காரப் பெண் கேட்டாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். காரில் வந்து ஏறினால் பின் சீட்டில் என் குளியலறைச் செருப்பு ஒன்று கிடந்தது. சந்தான் வரும்போது வாயில் கவ்விக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குச் செருப்பு வேண்டியிருக்கும் என்று நினைத்ததோ என்னவோ. அங்கேயே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

திரும்பிப் போனேன். எல்லாச் சாலையும் ஒன்றுபோல் இருந்தது. எந்த வரிசையில் திரும்பினேன் என்று மறந்துவிட்டது. காரை நிறுத்தி நிறுத்தி, “சம்பல்! சந்தான்!” என்று அடித்தொண்டையில் கத்தினேன். குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியர் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். செம்பனைக் காட்டுக்குள் நின்றுகொண்டு ஒரு கிழவன் மிளகாய்த் துவையலையும் தேங்காய்ப்பாலையும் கூவிக் கூப்பிட்டால் அவர்தான் என்ன செய்வார்? நான் நாய்கள் என்று கையால் காட்டியதும் அவர் மூன்றாவது திருப்பத்தைச் சுட்டினார்.

நான் கதவைத் திறந்து இறக்கிவிட்ட அதே இடத்தில், சாலையைப் பார்த்தபடி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஓடவில்லை, குரைக்கவில்லை, ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளவில்லை. முறுக்குகூடத் தின்னாமல் முன்னால் கிடந்தது. மூன்று வருடமாக நான் கேட்டுக் கெஞ்சிய அமைதியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். இனி ஒருநாளும் அதைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

காரைக் கண்டதும் பழையபடி ஆட்டம் தொடங்கிவிட்டது. கதவுப் பெயிண்ட்டில் நகக் கீறல் விழுந்தது அப்போதுதான். நீ போன தடவை வந்தபோது எந்த மோட்டார் சைக்கிள் உரசியது என்று கேட்டாயே, மோட்டார் எதுவும் உரசவில்லை. என் சட்டை, முகம் எல்லாம் செம்மண். நான் செய்தது அவற்றுக்குத் தெரியவே இல்லை. போனவன் வந்துவிட்டான், அவ்வளவுதான். என்மேல் கோபித்துக்கொண்டு காரில் ஏறாமல் நின்றிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உன் அம்மாவிடம் ஊசி போடக் கூட்டிப் போனேன் என்று சொன்னேன். “ஊசி போட்டா இவ்ளோ மண்ணு ஒட்டுமா?” என்று கேட்டாள். குழாயைத் திறந்து, நானும் அதுகளுமாக மூவரும் குளித்தோம்.

இந்தக் கடிதத்தை முதலில் உன் அம்மாவிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அவள் எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று தெரியவில்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு தபாலில் போடுவேன்.

இப்போது உனக்குப் பதில். நான் என் கையால் அவற்றை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இதுகள் நல்லவை என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் கதவின் அடிப்பலகையில் பாதியைக் காணோம், இதுகளைப் போன்ற சனியன்களை நான் பார்த்ததில்லை. என்னால் முடியாது, அதனால் சொல்கிறேன். ஒருதரம் செய்து பார்த்துவிட்டேன்.

ஷாமினியிடம் கேள். அவள் இருக்கட்டும் என்றால், ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு வா, மெதுவாகப் பழக்கிக்கொள்ளலாம். பயம் போகாது, கொடுத்துவிடுங்கள் என்று அவளே சொன்னால், அதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நீதான் வர வேண்டும். வேறு ஆளை அனுப்பாதே. உன் கார் முனையில் திரும்பும்போதே அதன் சத்தம் இரண்டுக்கும் தெரிந்துவிடும், நீ வந்து நிறுத்துவதற்குள் கேட்டின்மேல் ஏறி நிற்கும். நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காரில் தாமாகவே ஏறிக்கொள்ளும், இழுக்க வேண்டியிருக்காது. கேட்டை நீயே திறந்துகொள், தம்பி. நான் உள்ளே இருப்பேன், வெளியே வரமாட்டேன்.

அப்பா